பழைய கம்ப்யூட்டரா? புதிய கம்ப்யூட்டரா?

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சு எழுந்து விட்டதா? கூடவே சண்டையும் எழுந்து விடும்!

"பிள்ளை படிப்புக்கு வாங்குகிறோம். பழசு எதற்கு? புதிதாகவே வாங்கி விடுவோம்" என்பார் தாயார்.

"அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? ரிச்சி தெருவில் பழசு கிடைக்கிறது. பாதி விலைதான்" என்பார் தந்தை.

"எதிர் வீட்டில் கலர் கலராக விளக்கு மின்னும் பெட்டி வாங்கி இருக்கிறார்கள். எனக்கும் அது மாதிரி வேண்டும்" என்பான் மகன்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், கேட்க வேண்டிய கேள்வியை மூன்று பேருமே கேட்கவில்லை!

பெட்டிக்கு உள்ளே இருக்கும் சாமானின் வயது என்ன? கெட்டுப் போனால் யார் பொறுப்பு? இந்த இரண்டும்தான் கேள்வி.

இவற்றைக் கேட்டு வாங்கினால், சாதாரணக் குடும்பத்துக்குப் பழைய கம்ப்யூட்டரே போதும். போதும் என்பது மட்டும் அல்ல. அதே பணத்துக்குக் கிடைக்கும் புதியதை விட அதுவே மேல்!

கேட்காமல் வாங்கினால், பழசிலும் நஷ்டம், புதுசிலும் நஷ்டம்.

நல்ல பெட்டியை ஏன் விற்கிறார்கள்?

"நன்றாக ஓடுகிற சாமானை எவனாவது விற்பானா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி.

வீட்டுக்காரர் விற்க மாட்டார். ஆனால், கம்பெனிக்காரர் விற்பார்.

பெரிய கம்பெனிகளும் பாங்குகளும் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை வாங்கும். சில கம்பெனிகள் வாங்குவதே இல்லை. குத்தகைக்கு எடுக்கும். மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு என்று கெடு இருக்கும். கெடு முடிந்ததும், ஓடினாலும் ஓடாவிட்டாலும், எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளி விடுவார்கள். கெட்டுப் போனதால் அல்ல. கணக்கு முடிந்து விட்டது, அவ்வளவுதான்.

டெல் கம்பெனியின் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி.யின் எலைட் டெஸ்க், லெனோவாவின் திங்க் சென்டர் ஆகியவை இப்படி ஆபீசுகளில் இருந்து வரும் பெட்டிகள். நாள் முழுவதும் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. பளபளப்பு இருக்காது. கறுப்புப் பெட்டி, பார்ப்பதற்கு லட்சணம் குறைவுதான். ஆனால், உழைக்கும்.

இந்தப் பெட்டிகளை மொத்தமாக வாங்கி, திறந்து, தூசி தட்டி, சோதித்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, "இத்தனை மாதத்துக்கு நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்து விற்றால், அதற்கு "ரீபர்பிஷ்டு" என்று பெயர். புதுப்பித்த கம்ப்யூட்டர் என்று சொல்லலாம்.

தூசி மட்டும் தட்டி விற்றால்? அது வெறும் பழசு. கடை வாசலில் எந்தப் பெயர் எழுதி இருந்தாலும் சரி!

தேய்வதும் தேயாததும்

கம்ப்யூட்டர் பழசாகி விட்டால் எல்லாமே தேய்ந்து போகும் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. அது சரி அல்ல.

கணக்குப் போடும் சிப்பு இருக்கிறதே, பிராசசர், அது லேசில் கெடாது. அதில் சுற்றுவதும் இல்லை, உரசுவதும் இல்லை. ராம் என்கிற நினைவுச் சிப்பும் அப்படித்தான்.

தேய்வது எது? சுற்றுவது தேயும். காற்றாடி தேயும். பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க் தேயும். அதற்குள் தட்டு சுற்றுகிறது. சூடாவதும் தேயும், கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை அந்த ரகம். பிராசசர் மீது தடவிய பசை காய்ந்து போகும். கடிகாரத்துக்கான சின்ன பட்டன் பாட்டரி தீர்ந்து போகும். பிளக்கைப் பிடுங்கிச் சொருகும் போதெல்லாம் தேதி தவறிப் போகிறது என்றால் அந்தப் பாட்டரி போய் விட்டது என்று அர்த்தம். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கூட வராது. இதைக் கூட மாற்றாத கடைக்காரர் வேறு எதை மாற்றி இருப்பார்?

ஒரு மாற்றம் மட்டும் கட்டாயம். தட்டு சுற்றும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து விட்டு, எஸ்.எஸ்.டி. போட்டிருக்க வேண்டும். இதில் சுற்றும் பாகமே கிடையாது. பழைய டிஸ்க் உள்ள பெட்டியைத் தட்டி விட்டு, காபி போட்டுக் கொண்டு வந்தாலும் இன்னும் எழுந்து கொண்டே இருக்கும். எஸ்.எஸ்.டி. போட்டால் அதே பெட்டி அரை நிமிடத்துக்குள் எழுந்து நிற்கும். "என் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது; புதுசு வாங்க வேண்டும்" என்று சொல்பவர்களில் பலருக்கு வேண்டியது புதுக் கம்ப்யூட்டர் அல்ல. இந்த எஸ்.எஸ்.டி.தான்!

பல்லைப் பிடித்துப் பார்!

மணப்பாறை மாட்டுச் சந்தையில் யாராவது மாட்டின் கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்த்து விலை பேசுவார்களா? வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று எண்ணி வயதைச் சொல்லி விடுவார்கள். அதன் பிறகுதான் துண்டைப் போட்டு விலை பேசுவார்கள்.

கம்ப்யூட்டருக்கும் பல் உண்டு. அதுதான் பிராசசரின் எண்.

கடைக்காரர் "ஐ5 கம்ப்யூட்டர்" என்று சொல்வார். அதோடு நிறுத்தி விடுவார். வாங்குகிறவரும் "ஐ5 நல்லதாமே" என்று பணத்தை நீட்டி விடுவார். இங்கேதான் பலர் மோசம் போகிறார்கள்!

ஐ5 என்பது சாதியின் பெயர், வயது அல்ல. 2010-ல் வந்ததும் ஐ5தான். 2018-ல் வந்ததும் ஐ5தான். "காங்கேயம் காளை" என்று மட்டும் சொன்னால் அது கன்றா, கிழடா என்று எப்படித் தெரியும்?

ஐ5 என்பதற்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். அதைக் கேட்க வேண்டும். 3470 என்று இருந்தால், முதல் எண் 3. மூன்றாம் தலைமுறை. 2012-ஆம் ஆண்டுச் சரக்கு. 6500 என்றால் ஆறாம் தலைமுறை. 2015-ஆம் ஆண்டு. 8500 என்றால் எட்டாம் தலைமுறை. 2018-ஆம் ஆண்டு. 10400, 12400 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு எண்ணைப் பார்க்க வேண்டும். பத்தாம் தலைமுறை, பன்னிரண்டாம் தலைமுறை.

மாட்டுக்குப் பல் கூடக் கூட வயது கூடும். இங்கே தலைகீழ். எண் கூடக் கூட வயது குறைவு.

வாங்கலாம் என்று சொல்லத் தகுந்தது எட்டு முதல்தான். ஏழு வேண்டாம். ஆறு வேண்டவே வேண்டாம். ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் என்றால் 3000 வரிசையில் இருந்து பார்க்கலாம்.

"ஏழுக்கும் எட்டுக்கும் ஒரு படிதானே வித்தியாசம்? இவ்வளவு கறார் எதற்கு?" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

ஏன் எட்டு?

உலகத்தில் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் என்ற ஏற்பாட்டில் ஓடுகின்றன. அதில் விண்டோஸ் 10 என்ற ரகத்துக்கு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு ஆதரவு முடிந்தது. அதாவது, திருடன் நுழையும் புதிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், முன்பு போல எல்லோருக்கும் அதை அடைத்துத் தர மாட்டார்கள். தனியாகப் பதிவு செய்து கொண்ட வீட்டுக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை ஓராண்டுத் தவணை கொடுத்தார்கள்.

அடுத்த ரகம் விண்டோஸ் 11. அது எல்லாப் பெட்டியிலும் ஏறாது. இன்டெல் பிராசசர் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையாக இருக்க வேண்டும். அல்லது அதற்கு மேல். டி.பி.எம். 2.0 என்ற காவல் சிப்பும் வேண்டும்.

இதன் விளைவு என்ன? ஆறு, ஏழு தலைமுறைப் பெட்டிகளைக் கம்பெனிகள் மூட்டை மூட்டையாக வெளியே தள்ளின. சந்தையில் விலை சரிந்தது. "அடடா, இவ்வளவு மலிவா!" என்று ஜனங்கள் வாங்குகிறார்கள். கம்பெனிக்காரன் ஏன் தள்ளினான் என்று கேட்பதில்லை!

இதிலும் ஒரு தந்திரம் உண்டு. சில கடைகளில் ஆறாம் தலைமுறைப் பெட்டியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி வைத்திருப்பார்கள். ஓடும். ஆனால், அப்படி ஏற்றிய பெட்டிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற உரிமை இல்லை என்று மைக்ரோசாப்ட் சொல்லி இருக்கிறது. ஆகவே, திரையில் விண்டோஸ் 11 தெரிவது சாட்சி ஆகாது. எண்தான் சாட்சி!

விண்டோஸ் வேண்டாம், உபுண்டு போதும் என்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது இலவசம். நம் நாட்டு சி-டாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்சும் இலவசம். ஆறாம் தலைமுறைப் பெட்டியிலும் இவை ஓடும். வீட்டில் ஒருவருக்காவது அது பழகி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி மூலையில் கிடக்கும்.

புதுச் சட்டை போட்ட கிழவர்

புதுசு வாங்குகிறவர்கள் சிரிக்க வேண்டாம். அவர்களுக்கும் குழி இருக்கிறது. அது இன்னும் ஆழம்!

இன்டர்நெட் கடைகளில் ஒரு விளம்பரம் வரும். "புத்தம் புதிய ஐ5 கம்ப்யூட்டர்! 16 ஜி.பி. ராம்! எஸ்.எஸ்.டி.! புது மானிட்டர்!" விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். அவ்வளவு குறைவு. படத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்கு. மகன் கேட்ட அதே பெட்டி!

பெட்டி புதிது. விளக்கு புதிது. மதர்போர்டு கூடப் புதிதாகச் செய்ததாக இருக்கலாம். ஆனால், பிராசசர்? பல நேரங்களில் அது இரண்டாம் தலைமுறை அல்லது மூன்றாம் தலைமுறை. 2011, 2012-ஆம் ஆண்டுகளில் பிறந்தது. வேறு எங்கோ உழைத்து ஓய்ந்து, கழற்றி எடுக்கப்பட்டது. விளம்பரத்தில் "ஐ5" என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். தலைமுறை எண் பொடி எழுத்தில் இருக்கும். அல்லது இருக்கவே இருக்காது.

இது புதுசு அல்ல. புதுச் சட்டை போட்ட கிழவர்! பழசு என்று சொல்லி விற்கப்படும் 2018-ஆம் ஆண்டு ஆபீஸ் பெட்டி இதை விடப் பல வயது இளையது.

பழசைப் பழசு என்று சொல்லி விற்பது வியாபாரம். பழசைப் புதுசு என்று விற்பதற்கு வேறு பெயர்.

25 ஆயிரம் ரூபாயில் என்ன செய்யலாம்?

கையில் 25 ஆயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். சீட்டு எடுத்த பணம். இதற்கு மேல் வேண்டும் என்றால் கடன்தான், அல்லது நகைதான்.

இந்தப் பணத்துக்கு நேர்மையான புதுக் கம்ப்யூட்டர் கிடைக்காதா? கிடைக்கும். ஆனால், விலையைக் குறைக்க வேண்டும் அல்லவா? பிராசசரில் குறைத்திருப்பார்கள். ராமில் குறைத்திருப்பார்கள். செலரான் என்ற ரகத்தைச் சேர்ந்த என்4020 என்ற பிராசசரில் வேலை செய்யும் மையங்கள் இரண்டே இரண்டு. ஆபீசில் இருந்து வந்த ஐ5 8500-ல் ஆறு! இரண்டு பேர் செய்யும் வேலைக்கும் ஆறு பேர் செய்யும் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லவும் வேண்டுமா? 2023-ல் வந்த என்100 என்ற பிராசசர் பரவாயில்லை. சிறு வேலைகளுக்குத் தாங்கும். செலரான் வாங்குவதற்கு அதை வாங்கலாம்.

இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகம் முழுவதும் ராம் விலை ஏறியது. செயற்கை அறிவுக்காகக் கட்டப்படும் பெரிய கூடங்கள் மெமரிச் சிப்புகளை அள்ளிக் கொண்டு போயின. மைக்ரான் கம்பெனி, "குருஷியல்" என்ற பெயரில் வீட்டுக்காரர்களுக்கு ராம் விற்று வந்ததையே நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே, "இப்போது 4 ஜி.பி. போதும், பிறகு போட்டுக் கொள்ளலாம்" என்ற கணக்கு உதவாது. வாங்கும்போதே 8 ஜி.பி. இருக்க வேண்டும். 16 இருந்தால் நல்லது.

பிள்ளை படிப்புக்கு எவ்வளவு வேண்டும்? தமிழ்நாட்டில் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் வந்த கணினி அறிவியல் பாடப் புத்தகங்களில் 11-ம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ். 12-ம் வகுப்புக்கு பைதான். இரண்டுமே எட்டாம் தலைமுறைப் பெட்டிக்குத் தூசு. தமிழில் தட்டச்சு, கணக்கு எழுதுதல், விண்ணப்பம் நிரப்புதல், வீடியோவில் பாடம் பார்த்தல் எல்லாம் ஓடும். மிச்சப் பணத்தில் ஒரு புது மானிட்டர் வாங்கலாம். இதில் மட்டும் பழசு வேண்டாம். பிள்ளை நாள் முழுவதும் பார்க்கப் போவது அதைத்தான். கரண்டு அடிக்கடி போகும் ஊராக இருந்தால் யு.பி.எஸ்.சும் இதே பணத்தில்தான் வர வேண்டும்.

கரண்டு பில் ஏறுமே என்ற பயமும் உண்டு. பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட்ஸ் இழுக்கிறது என்றே வைத்துக் கொள்வோம். தினம் 4 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். அவ்வளவுதான்.

யார் புதுசு வாங்க வேண்டும்?

எல்லோரும் பழசே வாங்க வேண்டும் என்று சொல்வது நியாயம் அல்ல.

கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவர் புதுசு வாங்க வேண்டும். கட்டிடப் படம் போடுகிறவரும் அப்படியே. பெரிய விளையாட்டுகள் வேண்டும் என்று மகன் ஒற்றைக் காலில் நின்றால், ஆபீஸ் பெட்டி அவனுக்கு ஆகாது. அந்தப் பெட்டிகள் பல சின்ன அளவு. உள்ளே பெரிய கிராபிக்ஸ் கார்டு நுழையாது. பவர் சப்ளையும் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய அமைப்பில் இருக்கும். கடையில் விற்கும் பொதுவான பவர் சப்ளை பொருந்தாது. வீட்டில் அவன் விளையாட வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதைப் பெற்றோர் முடிவு செய்து கொள்ளட்டும்.

கடையில் பில் போடுவதற்கு வாங்கும் வியாபாரியும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு நாள் பெட்டி நின்றால் ஒரு நாள் வியாபாரம் நிற்கும். கம்பெனி ஆளே நேரில் வந்து பழுது பார்க்கும் மூன்று ஆண்டு உத்தரவாதம் அவருக்குப் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது.

பிள்ளைக்குப் பழசா?

தாயாரின் மனக்குறை இன்னும் தீர்ந்திருக்காது. "பிள்ளை முதன்முதலாகக் கேட்கிறாள். அதைப் பழசாகவா வாங்கிக் கொடுப்பது?"

இந்த மனம் பெரிய மனம். ஆனால், அந்த மனத்தை வைத்துத்தான் தவணைக்காரன் பிழைக்கிறான். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து வாங்கிய புதுக் கம்ப்யூட்டரும் மறு மாதம் பழசுதான். வட்டி மட்டும் மாதா மாதம் புதிதாகப் பிறக்கும்!

வேறு ஒரு கணக்கும் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி ஒன்று 2004-ல் வெளிவந்தது. ஒரு கம்ப்யூட்டரையும் அந்தக் காலத்துக் கனத்த மானிட்டரையும் செய்வதற்கு 240 கிலோ எரிபொருளும், 22 கிலோ ரசாயனமும், 1,500 கிலோ தண்ணீரும் செலவாகிறது என்று அதில் கண்டார்கள். இன்றைய பெட்டி சிறிது. மானிட்டரும் மெலிந்து விட்டது. இருந்தாலும், செய்து முடித்த பெட்டி ஒன்று இன்னும் நான்கு ஆண்டு உழைத்தால், அந்தத் தண்ணீரில் கொஞ்சம் யாருக்கோ மிஞ்சும். குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை.

கடையில் நிற்கும்போது

பெட்டியை ஓட விட்டுப் பார்க்க வேண்டும். செட்டிங்ஸ் போய், சிஸ்டம் போய், அபவுட் என்ற இடத்தில் பிராசசர் எண் இருக்கும். கடைக்காரர் சொன்ன எண்ணும் அதுவும் ஒன்றுதானா? ஆக்டிவேஷன் என்ற இடத்தில் விண்டோஸ் முறையான லைசென்ஸ் உள்ளதுதானா? கேட்டால் சங்கடப்படுகிற கடையில் வாங்க வேண்டாம். வேறு யாருடைய போட்டோவாவது, பைலாவது உள்ளே கிடந்தால் அந்தப் பெட்டியை யாரும் புதுப்பிக்கவில்லை என்று அர்த்தம். இன்டர்நெட்டைத் தொட்டவுடன் ஏதாவது கம்பெனியின் பெயர் வந்து பாஸ்வேர்டு கேட்டால், எழுந்து வந்து விட வேண்டும். பழைய முதலாளியின் பூட்டு இன்னும் திறக்கவில்லை.

கடைக்காரருக்குச் சட்டமும் உண்டு. 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலில் உள்ள மின் கழிவு விதிகளின்படி, புதுப்பித்து விற்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். "பதிவு உண்டா?" என்று கேட்பதில் தவறு இல்லை.

பில் கட்டாயம் வேண்டும். துண்டுச் சீட்டு உதவாது. பிராசசர் எண், ராம் அளவு, பெட்டியின் சீரியல் எண், உத்தரவாதம் எத்தனை மாதம் என்பது எல்லாம் அந்தப் பில்லிலேயே எழுதி இருக்க வேண்டும். ஒரு வருடம் கொடுப்பவரிடம் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து வாங்கலாம். ஒரு மாதம் என்று இழுப்பவரிடம் ஆயிரம் ரூபாய் குறைத்தாலும் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பூஜை போட்டு மூடி வைத்து விடக் கூடாது. முதல் வாரம் முழுவதும் தினமும் ஓட்ட வேண்டும். அதுவும் மத்தியான வெயிலில், இரண்டு மணிக்கு உட்கார்ந்து நான்கு மணி நேரம் ஓட்ட வேண்டும். காற்றாடி கத்துகிறதா, பெட்டி தானாக அணைந்து எழுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி நடந்தால் எட்டாவது நாள் வரை காத்திருக்க வேண்டாம். பில்லை எடுத்துக் கொண்டு மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய் விட வேண்டும்.